நீருக்குள் கொண்டுபோகும் பாட்டு

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடர் ஒன்றில் நீச்சற் போட்டியைப் பற்றி ஒரு தமிழாசிரியன் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பைத் தரலாம். எனக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு திருகோணமலையில் பிறந்த எவருக்கும் உள்ள உறவுதான். எந்தத் தெருவால் நடந்தாலும் அது கடலில் போய் முடியும் ஊர் இது. ஆனால் இன்று நான் பேச வந்ததற்குக் காரணம் ஊர்ப்பற்று மட்டுமன்று. நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பிழையிலிருந்து பாட்டைப் பற்றி நான் கற்ற பாடத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பாடசாலை மாணவர்களுக்கான நீச்சற் போட்டி ஒன்றுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நான் சென்றிருந்தேன். போட்டி வெளியூரில். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் கடலில் நீந்திப் பழகியவர்கள். நீலநிறத் தரையும் கயிறு கட்டிய பாதைகளுமாகக் கிடந்த தடாகத்தைக் கண்டதும் அவர்களுக்குச் சற்று மிரட்சி. அவர்களுள் ஒருவன் 200 மீற்றர் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். அவனுடைய முறைக்குக் கால்மணி நேரந்தான் இருந்தது. மற்றவர்கள் கை கால்களை உதறிக்கொண்டு நிற்க, இவன் மட்டும் சுவரோரமாகக் குந்தியிருந்து, காதில் வயரைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, நீ போட்டிக்கு வந்தியோ, கச்சேரிக்கு வந்தியோ?" என்று கேட்டு, கைத்தொலைபேசியை வாங்கி என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழுந்து போனான். தொடக்க மேடையில் அவனுடைய முழங்கால்கள் நடுங்கியதை நான் பார்த்தேன். முதல் 50 மீற்றரில் தன் வலிமைக்கு மேலாக விரைந்தான். மூன்றாம் சுற்றில் மூச்சு வாங்கியது. எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தான்.

பையன் ஒழுங்காகப் பழகவில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் என் எண்ணத்தைப் புரட்டியது. அந்த வார்த்தைக்கு நான் பிறகு வருகிறேன். அதற்கு முன், நான் பறித்தது என்ன என்பதை நேயர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். நானும் அதன் பின்னர்தான் தேடிப் படித்து விளங்கிக்கொண்டேன்.

பெரிய நீச்சற் போட்டிகளில் வீரர்கள் நேரே தடாகத்துக்கு வருவதில்லை. அதற்கு முன் ஓர் அறையில் அவர்களைக் கூட்டி வைப்பார்கள். ஒருவரையொருவர் தோற்கடிக்க வந்த எட்டுப் பேர், ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில், செய்வதற்கு எதுவுமின்றிக் காத்திருக்க வேண்டும். பயிற்சி முடிந்துவிட்டது, போட்டி தொடங்கவில்லை. மனம் அலைவதற்கு அதைவிட வாய்ப்பான நேரம் வேறில்லை. பக்கத்திலிருப்பவனின் தோளகலம் கண்ணிற் படும். போன முறை தோற்றது நினைவுக்கு வரும். அடிவயிறு கலங்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு மேலெழும்பிக் குறுகும். நீச்சலில் மூச்சுக் குறுகினால் பாதிப் போட்டி கரையிலேயே போய்விட்டது என்று கொள்ளலாம்.

அந்த அறைக்குள் வீரர்கள் கொண்டுபோகும் துணைதான் இசை. அமெரிக்க வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் 2008 ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கப் பதக்கங்களை வென்றபோது, காதுகளை மூடிய பெரிய ஹெட்போனுடன் அவர் தடாகத்துக்கு நடந்துவரும் காட்சியை உலகம் முழுவதும் பார்த்தது. தொடக்க மேடைக்கு அருகில் வரும்வரை அவர் அதைக் கழற்றுவதில்லை. அவர் கேட்டது பெரும்பாலும் ராப் பாட்டு. நமக்கு அது இரைச்சலாக இருக்கலாம். அவருக்கு அது வேலி. பக்கத்திலிருப்பவர் பேச்சுக் கொடுக்க முடியாது. கூட்டத்தின் ஆரவாரம் உள்ளே வராது. ஒவ்வொரு போட்டிக்கும் அதே ஒழுங்கு, அதே இசை என்று பழகிப்போனதால், பாட்டுத் தொடங்கியதும் இன்னது வரப்போகிறது என்று உடம்பு தானாக அறிந்துகொள்ளும். கோயில் மணி கேட்டதும் கை தானாகக் கூப்புவதைப் போன்றது அது.

இங்கிலாந்தின் புரூனெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொஸ்டாஸ் கரகியோர்கிஸ் என்ற அறிஞர் விளையாட்டுக்கும் இசைக்கும் உள்ள உறவைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருபவர். அவரும் அவர் துறையினரும் சொல்வதன் சாரம் இது: விரைவான தாளம் இதயத் துடிப்பையும் ஊக்கத்தையும் ஏற்றும், மெதுவான இசை மூச்சைத் தாழ்த்திப் பதற்றத்தைக் குறைக்கும். ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் பாட்டு என்று ஒன்று இல்லை. மந்தமாக இருப்பவனைக் கிளப்ப வேண்டும். ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பவனைத் தணிக்க வேண்டும். இருவருக்கும் ஒரே பாட்டைக் கொடுத்தால் ஒருவனுக்கு மருந்தாவது மற்றவனுக்கு நஞ்சாகிவிடும்.

பாட்டு மனத்தைக் குலைக்கவும் செய்யும் என்பது தமிழ் படித்தவர்களுக்குப் புதிய செய்தியன்று. சிலப்பதிகாரத்துக் கானல்வரியை நினைத்துப் பாருங்கள். புகார்க் கடற்கரை, இந்திர விழாவின் முடிவு. மாதவி யாழைத் திருத்திக் கோவலன் கையிற் கொடுக்கிறாள். அவன் வேறொருத்தியை எண்ணிப் பாடுவதுபோலப் பாடுகிறான். அவள் வாங்கி, வேறொருவனை எண்ணிப் பாடுவதுபோலப் பாடுகிறாள். இரண்டும் வெறும் பாட்டுத்தான். ஆனால் கேட்ட நெஞ்சங்கள் ஏற்கெனவே கலங்கியிருந்தன. கோவலன் எழுந்து போனான். கதை மதுரை வரை போயிற்று. கடலோரத்தில் ஒரு பாட்டு ஒருவனுடைய மனத்தை எந்தத் திசைக்கும் தள்ளலாம் என்பதை இளங்கோவடிகள் எந்த ஆய்வுகூடமும் இல்லாமலே காட்டிவிட்டார்.

நேயர்களே, நீச்சலில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வீதியில் ஓடுகிறவன் விரும்பினால் பயிற்சி முழுவதும் காதில் பாட்டுடன் ஓடலாம். நீச்சற் போட்டியிலோ இசை கரையோடு நின்றுவிடும். ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் குதிக்க வேண்டும். தண்ணீருக்கு அடியில் ஒலி இல்லாமற் போவதில்லை. காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும் ஒலி, நீரில் ஏறத்தாழ 1500 மீற்றர் செல்லும். ஆனால் அந்த வேகத்தில் வரும் ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று மனிதக் காதால் பிரித்தறிய முடியாது. எல்லாம் தலைக்குள்ளேயே ஒலிப்பதுபோல இருக்கும். ஆகவே நீந்துகிறவன் தனியன். அவனுக்குத் துணையாக உள்ளே போவது, கரையில் கேட்டதிலிருந்து அவன் நெஞ்சில் தங்கியது எதுவோ அது மட்டுந்தான்.

அப்படித் தங்குவது என்ன? சொற்களோ இராகமோ தங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்குவது எண்ணிக்கை. நம் மொழியிற் சொன்னால், தாளம்.

பெய்ஜிங்கில் அதே பெல்ப்ஸுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 200 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலின் இறுதிப் போட்டி. நீருட் குதித்ததும் அவருடைய கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. போகப்போக நிறைந்து, கடைசிச் சுற்றில் முன்னாலிருந்த சுவர் அவருக்குத் தெரியவில்லை. ஏறக்குறையக் குருடராகவே நீந்தினார். அவர் தன் கைவீச்சுகளை எண்ணினார். ஒரு சுற்றுக்கு எத்தனை வீச்சு என்பது அவருக்கு மனப்பாடம். எண்ணிக்கை முடிந்த இடத்தில் கையை நீட்டினார், சுவர் இருந்தது. 1 நிமிடம் 52.03 வினாடி என்று அப்போது அது உலக சாதனையாயிற்று. ஹெட்போன் எங்கோ கதிரையில் கிடந்தது. கண்ணும் உதவவில்லை. உள்ளே ஓடிய கணக்கு உதவியது.

நெடுந்தூரம் நீந்துகிறவர்களுக்கு இது இன்னும் தேவை. கியூபாவிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்கு நீந்த முயன்று நான்கு முறை தோற்ற டயானா நயாட், 2013 ஆம் ஆண்டு, தமது 64 ஆவது வயதில், ஏறத்தாழ 53 மணித்தியாலம் நீந்திக் கரையேறினார். அந்த நீச்சலைச் சாதனைப் பதிவாளர்கள் முறைப்படி ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு வேண்டியது அவர் கையாண்ட முறை. பல பாட்டுக்களை மனத்துக்குள் வரிசைப்படுத்தி வைத்து, வீச்சுக்கு வீச்சு வாய்விடாமல் பாடிக்கொண்டே அவர் நீந்துவாராம். இன்ன பாட்டை இத்தனை முறை பாடி முடித்தால் இத்தனை மணித்தியாலம் போயிருக்கும் என்று அவரால் சொல்ல முடியும். இரவில், நடுக்கடலில், கடிகாரமும் கரையும் இல்லாத இடத்தில் பாட்டே அவருக்குக் கடிகாரம்.

நம்மவர்களையும் நினைத்துக்கொள்வோம். 1954 இல் பாக்குநீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் வடபுலத்தைச் சேர்ந்த நவரத்தினசாமி. 1971 இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் இந்தியாவுக்கு நீந்திப்போய்த் திரும்பியும் நீந்தி வந்தார், 51 மணித்தியாலங்கள். அதே ஆனந்தன் 128 மணித்தியாலம் ஓயாமல் டுவிஸ்ட் நடனம் ஆடியும் சாதனை செய்தவர். ஐந்து நாட்களுக்கு மேல் உடம்பைத் தாளத்தின் கையில் ஒப்படைத்து நிற்கத் தெரிந்த ஒரு மனிதர், கடலிலும் அப்படி நின்றதில் வியப்பென்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1984 ஓகஸ்ட்டில் ஆங்கிலக் கால்வாயில் அவர் உயிர் பிரிந்தது. அந்தப் பரம்பரை அற்றுப்போகவில்லை. 2024 இல் எங்கள் திருகோணமலையைச் சேர்ந்த பாடசாலை மாணவன் ஒருவன் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீந்தி வந்து சேர்ந்தான்.

இனி, பஸ்ஸில் அந்தப் பிள்ளை சொன்ன வார்த்தைக்கு வருகிறேன்.

ஊர் நெருங்கும் வேளையில், இருட்டில், கைத்தொலைபேசியை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். "என்ன பாட்டடா அப்படி?" என்று கேட்டேன். அவன் தயங்கினான். "முதல் ரெண்டு மூன்று சினிமாப் பாட்டு சேர். கடைசியா அம்மப்பா பாடினது." "அம்மப்பாவோ?" "ஓம் சேர். அம்பா. நான்தான் ரெக்கோர்ட் பண்ணினனான். அதைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு சரியா வரும்."

நேயர்களே, நான் வகுப்பறையில் நாட்டார் பாடல் படிப்பிக்கிறவன். ஏர்ப்பாட்டு, ஏற்றப்பாட்டு, அம்பாப் பாட்டு என்று பலகையில் எழுதி, இவை அழிந்துகொண்டு வருகின்றன என்று ஆண்டுதோறும் வருந்திச் சொல்கிறவன். பரீட்சைக்குக் குறிப்பும் கொடுத்திருக்கிறேன். அழியாமல் எஞ்சியிருந்த ஒன்று ஒரு பிள்ளையின் காதுக்குள் ஒலித்துக்கொண்டிருந்தபோது, அதைப் பறித்துச் சட்டைப் பைக்குள் போட்டவனும் நானேதான்.

அடுத்த கிழமை அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன். திருக்கடலூரில், கரையில் ஏற்றிவைத்த தோணி ஒன்றின் நிழலில் இருந்தார். கரைவலை இழுத்த கைகள். கரைவலை என்றால், தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வில்லாக வளைத்து இட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு அணியாக நின்று இழுப்பது. இழுவை மணிக்கணக்கில் நீளும். ஒருவர் முந்தி இழுத்தாலும் ஒருவர் பிந்தினாலும் பாரம் மற்றவன் தோளில் விழும். இரண்டு அணியும் ஒத்து இழுக்காவிட்டால் வலை கோணி, மீன் வெளியேறும். அதற்காகத்தான் அம்பா. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ஏலேலோ என்று ஏற்பார்கள். அடியெடுக்கும்போது கை முன்னே போய்க் கயிற்றைப் பற்றும், மூச்சு உள்ளே வரும். ஏற்கும்போது உடம்பு பின்னே சாயும், மூச்சு வெளியே போகும்.

"பாட்டு மனுசருக்கு இல்லை வாத்தியார், மூச்சுக்கு" என்றார் அவர். "மூச்சு ஒழுங்காப் போனால் பயமும் வராது, களைப்பும் தெரியாது. சும்மா இருந்து பாடச் சொன்னால் எனக்குப் பாதி வராது. கயிறு கையில் இருக்க வேணும்."

களைப்பைப் பற்றி ஆய்வாளர் சொல்வதும் கிட்டத்தட்ட இதுவே. உழைப்பு மிதமாக இருக்கும்வரை இசை மனத்தைக் களைப்பிலிருந்து வேறுபக்கம் திருப்பும். உழைப்பு உச்சத்தைத் தொட்டதும் உடம்பின் குரல் மேலோங்கிவிடும். அப்போதும் தாளம் மட்டும் அசைவுகளை ஒழுங்கில் வைத்திருக்கும். பெரியவர் இதைக் கயிற்றிலிருந்து அறிந்திருந்தார். பேரன், யாரும் சொல்லிக்கொடுக்காமல், கயிற்றை நீச்சல் வீச்சாக மாற்றிக்கொண்டான். முன்னே நீட்டிப் பற்றுதல், பின்னே இழுத்துத் தள்ளுதல், இடையில் மூச்சு. கரைவலைக்காரனின் அசைவும் நீச்சற்காரனின் அசைவும் ஒன்றுக்கொன்று உறவுதானே.

அந்தப் பெரியவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்து வந்ததன் பின்னர், அலையில் காலை வைப்பதற்கே தனக்குப் பல மாதங்கள் எடுத்தன என்றார். எங்கள் கரையில் அப்படிப்பட்டவர்கள் அநேகர். கடலோரத்தில் பிறந்தும் நீந்தத் தெரியாமல் வளரும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். கடலின் பெயரைச் சொன்னாலே முகம் மாறும் தாய்மாரையும் நான் அறிவேன். ஆகவே ஒரு பேரன் தாத்தாவின் குரலைக் காதில் கேட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகிறான் என்றால், அது ஒரு பதக்கத்துக்கான ஏற்பாடு மட்டுமென்று என்னால் எண்ண முடியவில்லை. ஒரு குடும்பம் கடலோடு மறுபடியும் பேசத் தொடங்குகிறது என்றே எனக்குப் படுகிறது.

பாட்டைத் துணைக்கொண்டு இடரைக் கடத்தல் என்பது இந்த ஊருக்கு அந்நியமான எண்ணமன்று. சுவாமி மலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் இராவணன் வெட்டை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. மலையின் கீழ் நசுங்கிய இராவணன் சாமகானம் பாடி மீண்டான் என்பது நம் புராணம். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாவது பாட்டில் பெரும்பாலும் அவனை நினைவுகூர்வார். வலிமை கைகொடுக்காத இடத்தில் இசை கைகொடுத்தது என்பதே அக்கதையின் உட்பொருள் என நான் கொள்கிறேன். திருகோணமலையிலும் கல்விப் பணி ஆற்றிய விபுலாநந்த அடிகள், மட்டக்களப்பு வாவியின் பாடுமீன்களின் ஓசையில் மனத்தைப் பறிகொடுத்தவர். 1947 இல் வெளிவந்த யாழ் நூலிலே நீரர மகளிரைப் பாடியவர். நீருக்கு அடியில் இசை உண்டு என்று நம்புவதற்கு நமக்கு இவ்வளவு பரம்பரை இருக்கிறது.

ஆனால் கரையில் இப்போது என்ன கேட்கிறது? பல இடங்களில் கரைவலையை உழவு இயந்திரம் இழுக்கிறது. இயந்திரத்துக்கு மூச்சு வாங்காது. ஆகவே அதற்கு அம்பாவும் வேண்டாம். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. தோள் தேய்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். தொழிலோடு பிறந்த பாட்டு, தொழில் மாறும்போது போகத்தான் செய்யும். அது புதிய வேலை ஒன்றைத் தேடிக்கொண்டால் மாத்திரமே வாழும். புத்தகத்தில் அச்சாகிப் பரீட்சை வினாவாக வாழ்வது ஒரு வகை. ஒரு பிள்ளையின் நெஞ்சுக்குள் வீச்சை எண்ணிக் கொடுத்து வாழ்வது இன்னொரு வகை. இரண்டாவதுதான் உயிர் வாழ்க்கை என்று நான் சொல்வேன்.

என் போன்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். போட்டிக்கு முன்னும் பரீட்சைக்கு முன்னும் பிள்ளைகள் காதை மூடிக்கொண்டு இருந்தால் உடனே பறித்துவிடாதீர்கள். என்ன கேட்கிறாய் என்று ஒரு முறை கேளுங்கள். அதே நேரம், கருவி கரையோடு நின்றுவிடும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். மின்னேற்றம் தீர்ந்துபோகும் நாள் வரும். கண்ணாடிக்குள் தண்ணீர் புகும் நாளும் வரும். அன்றைக்குக் கைகொடுக்க, நெஞ்சில் பாடமாக நாலு பாட்டாவது இருக்க வேண்டும். சினிமாப் பாட்டாக இருக்கட்டும், தேவாரமாக இருக்கட்டும், அம்மப்பாவின் அம்பாவாக இருக்கட்டும். மனனம் செய்யச் சொன்னால் பிள்ளைகள் ஏன் என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் எனக்கு நல்ல பதில் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

அந்தப் பையன் அடுத்த ஆண்டும் நீந்தினான். நான் கேட்காமலே கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து என் கையில் தந்தான். "வேண்டாமோ?" என்றேன். "கேட்டு முடிஞ்சுது சேர். இனி உள்ளுக்குள்ள போகும்" என்றான். நடந்து போகையில் அவன் உதடுகள் அசைந்ததைக் கண்டேன். முதலாம் இடம் அவனுக்குக் கிடைக்கவில்லை, நான்காவதாக வந்தான். ஆனால் கடைசிச் சுற்றின் வீச்சும் முதற் சுற்றின் வீச்சும் ஒரே அளவாக இருந்தன. தடாகத்தின் ஓரத்தில் நின்று, நானும் அவனோடு எண்ணிக்கொண்டிருந்தேன்.